"இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட்": உங்களுக்கும் வந்ததா இந்த மெசேஜ்?

கும்பகோணத்துப் பையன்:

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்பாவுக்குக் கூச்சம் என்பதால் வெளியில் சொல்லாமல் இருந்தேன். இப்போது அவரே "எழுதுடா" என்கிறார்.

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் அவரும் அம்மாவும் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பைத் துண்டிப்போம், உடனே மின் அதிகாரியைக் கூப்பிடவும் என்று போட்டு, கீழே ஒரு பத்து இலக்க செல் நம்பர். நல்ல மே மாத வெயில், அம்மாவுக்கு வீசிங் வேறு. கூப்பிட்டுவிட்டார்.

எடுத்தவன் வாய் நிறைய சார் போட்டான். "நீங்க கட்டிட்டீங்க சார், சிஸ்டத்துல ஏறல. பத்து ரூபா கட்டினா அப்டேட் ஆயிடும்." அதற்கு ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். வைரஸ் எல்லாம் இல்லை. பிளே ஸ்டோரிலேயே கிடைக்கிற, ஆபீஸ்களில் தினமும் பயன்படுகிற ஆப்தான். ஒருவர் திரையை இன்னொருவர் தூரத்தில் இருந்து பார்ப்பதற்கானது. அதில் வந்த எண்ணை அப்பா வாசித்துக் காட்டி, வந்ததற்கெல்லாம் 'சரி' தட்டினார். அதோடு இவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிய ஆரம்பித்தது. பத்து ரூபாய்க்காக டெபிட் கார்டு எண்ணைத் தட்டியதைப் பார்த்தான். திரையின் மேலே வந்து விழுந்த ஓடிபியையும் பார்த்தான். கணக்கில் இருந்து முதலில் 49,000 ரூபாய் போனது, அப்புறம் 24,500.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அப்பா யாரிடமும் ஓடிபியைச் சொல்லவே இல்லை. "ஓடிபியைப் பகிராதீர்கள்" என்று பேங்க் அனுப்புவதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர் அவர்.

மறுநாள் ஊருக்குப் போனபோது, மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். நம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். "போன மாத பில்" எங்கிருந்து வந்தது? மாதாமாதம் பில் கட்டுகிற ஏதோ ஒரு மாநிலத்துக்கு எழுதியதை அப்படியே நமக்கும் தள்ளிவிட்டிருக்கிறான். நாற்பது வருடமாக அந்த அட்டையைப் பார்த்துப் பில் கட்டிய கணக்கு வாத்தியாருக்கு, அன்றைக்கு அது உறைக்கவில்லை.

நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். அப்பா எனக்குப் போன் செய்ததும், நெட்டை ஆஃப் செய்து ஆப்பை அழிக்கச் சொல்லிவிட்டு, நான் சென்னையில் இருந்தே 1930-க்கு அடித்தேன். சைபர் பண மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் அது. கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் எல்லாம் கேட்பார்கள். ஆத்திரத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். பேங்குக்கு அடுத்து பேசி கார்டை பிளாக் செய்தேன். பணம் போய் நாற்பது நிமிடத்துக்குள் புகார் பதிவாகிவிட்டது.

திருப்பூர் ஜெராக்ஸ் கடை:

உங்கள் அப்பாவாவது ஏமாற்றப்பட்டார். என் கடைக்கு வருகிறவர்கள் தாங்களாகவே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிரிண்ட் எடுக்க என் கம்ப்யூட்டரில் வாட்ஸப் வெப்பைத் திறப்பார்கள், காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், லாக் அவுட் கிடையாது. போன வாரம் ஒரு அக்காவின் ஃபேமிலி குரூப்பில் சண்டை. பிரிண்ட் போட உட்கார்ந்த எனக்கு மெசேஜ் மெசேஜாக வந்து விழுகிறது. அவங்களுக்கே போன் போட்டு, போனில் வாட்ஸப்பைத் திறந்து 'லிங்க்ட் டிவைசஸ்' போய் வெளியேறச் சொன்னேன்.

சாயங்காலம் கடை மூடும்போது டவுன்லோட்ஸைத் திறந்தால் இருபது முப்பது ஆதார் பிடிஎஃப் கிடக்கும். பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம், அதுதானே எல்லாருக்கும்? நான் தினமும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன். எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று நம்பாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்ட்' ஆதாரும், ஆதாரை இறக்குகிற அதே இணையதளத்தில் கிடைக்கிறது. என் அனுபவத்தில் அதைக் கேட்டு வாங்கியவர் மொத்தம் இரண்டு பேர்.

மாமாவின் மருமகன்:

எனக்கு வந்தது கல்யாணப் பத்திரிகை. அனுப்பியது மாமா நம்பர்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. தட்டினால் பத்திரிகை திறக்காமல் "இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யவா" என்று கேட்டது. அப்போதுதான் ஃபைல் பெயரின் கடைசியைப் பார்த்தேன், ஏபிகே. ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல் அது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்கும். எந்தப் பத்திரிகைக்கும் நம் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி தேவையில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன். "டேய், காலையில இருந்து நீ பதினோராவது ஆள். எங்க வீட்ல யாருக்குடா கல்யாணம்?" என்றார். அவர் ஏற்கெனவே அதை இன்ஸ்டால் செய்திருந்தார், எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபியை அது படித்துவிட, அவர் வாட்ஸப் வேறு யாரோ கையில் இருந்தது. வாட்ஸப்பில் டூ-ஸ்டெப் பின் (ஓடிபிக்கு மேல் கேட்கும், நாமே வைக்கிற ரகசிய எண்) போட்டு வைத்திருந்தால் ஓடிபியை மட்டும் வைத்து உள்ளே நுழைந்திருக்க முடியாது. அன்றைக்கே எனக்குப் போட்டுக்கொண்டேன். மாமாவுக்கும் அவர் கணக்கு திரும்பக் கிடைத்ததும் போட்டுக் கொடுத்தேன்.

சேலத்து அம்மணி:

கும்பகோணம் தம்பி, பணம் திரும்ப வந்ததா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

கும்பகோணத்துப் பையன்:

மூன்றில் ஒரு பங்குதான் வந்ததுங்க அக்கா. 49,000 அதற்குள் கணக்கு விட்டுக் கணக்கு தாவி எங்கோ ஏடிஎம்மில் எடுத்தாகிவிட்டது. 24,500 இரண்டாவது கணக்கில் நின்றிருந்ததால் அதை முடக்கிவிட்டார்கள். ஆனால் முடக்கியது உடனே நம் கைக்கு வராது. எஃப்ஐஆர், கோர்ட்டில் மனு, உத்தரவு என்று ஏழு மாதம் ஆனது. அப்பா கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நாலு தடவை பஸ்ஸில் அலைந்தார். அந்த டிக்கெட்டுகளைக்கூட வெள்ளை அட்டையோடு சேர்த்து பின் அடித்து வைத்திருக்கிறார், கணக்கு வாத்தியார் இல்லையா.