இல்லாத நாட்டுக்கு ராணுவம், மொழி, கையேடு எல்லாம் எதுக்கு?

பழையபேப்பர்_கடை
நேத்து ராத்திரி தூக்கம் வராம நெட்ல பழைய ராணுவ கையேடு ஸ்கேன்லாம் மேஞ்சிட்டு இருந்தேன், அமெரிக்க ஆர்மி 1962ல போட்ட ஒரு புக் சிக்குச்சு. எஸ்பெராண்டோங்கற செயற்கை மொழி சொல்லித்தர்ற புக்கு, அட்டையிலயே "அக்ரஸரோட (ஆக்கிரமிப்பாளனோட) மொழி"ன்னு போட்டிருக்கு. இலக்கணம், அகராதின்னு செம சீரியஸா போகுது. எந்த மேப்லயும் அப்படி ஒரு நாடே இல்லையே? யாராச்சும் விளையாட்டுக்கு பண்ணதா? அப்படி ஒரு ஆர்மி இருந்துச்சுன்னா எங்கயாச்சும் சண்டை கிண்டை போட்டுச்சா, தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மணல்மூட்டை
விளையாட்டு இல்ல ப்ரோ, அரசாங்க சரக்குதான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் 1946ல அமெரிக்க ஆர்மியே உக்காந்து கற்பனையா உருவாக்குன எதிரி நாடு அது. பயிற்சில "நீ பாதி, நான் பாதி"ன்னு பிரிச்சு விட்டா ரெண்டு பக்கமும் ஒரே யூனிஃபார்ம், ஒரே மூளை, அடுத்த மூவ் என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிரும், அதனால எதிரின்னா நிஜமாவே வேற ஆளா தெரியணும்னு முடிவு பண்ணி தனி யூனிஃபார்ம், தனி ரேங்க் சின்னம், வட்டத்துக்குள்ள முக்கோணம் போட்ட கொடி, நாடு எப்படி உருவாச்சுங்கற கதை வரைக்கும் எழுதி வெச்சாங்க. ஹெல்மெட் உச்சில சேவல் கொண்டை மாதிரி ஒரு மேடு ஒட்டியிருப்பாங்க, தூரத்துல தலை தெரிஞ்சாலே எதிரின்னு தெரிஞ்சிரும். டேங்க் பத்தலன்னா காத்தடிச்ச ரப்பர் டேங்க்.

"சண்டை"ன்னு கேட்டீங்கள்ல, 1952 ஏப்ரல்ல டெக்ஸாஸ்ல நடந்த லாங் ஹார்ன் பயிற்சில லாம்பாசஸ்னு ஒரு நிஜ ஊரையே இவங்க "பிடிச்சாங்க". எதிரியா நடிச்சது அமெரிக்காவோட 82வது ஏர்போர்ன் (பாராசூட்ல குதிக்கற) டிவிஷன் ஆளுங்க. ஊர் ஜனமும் ஒத்துழைச்சிருக்கு, நினைச்சுப் பாருங்க, காலைல பால் வாங்க வெளிய வந்தா கோர்ட் வாசல்ல வேற நாட்டுக் கொடி.

சும்மாதான்_வந்தேன்
அது சரி, எஸ்பெராண்டோ ஏன்? அதை உருவாக்குன ஜாமன்ஹாஃப் 1887ல வெளியிட்டதே உலகத்துல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டு சண்டை இல்லாம இருக்கணும்னுதானே. அதைப் போய் எதிரி மொழி ஆக்கிட்டானுங்க, பாவம் மனுஷன்.

மணல்மூட்டை
@சும்மாதான்_வந்தேன் யோசிச்சா அதுதான் வசதி. ரஷ்யனோ ஜெர்மனோ பேச வெச்சா ஏதாவது ஒரு நாட்டுக்காரன் கோவிச்சுப்பான், இது யார் நாட்டு மொழியும் இல்ல. கைதியை விசாரிக்கறது, பிடிச்ச பேப்பரை மொழிபெயர்க்கறது எல்லாம் நிஜமா பழகணும்னா புரியாத மொழி ஒண்ணு வேணும். "ஹால்டு"ன்னா நில்லு. பெரிய கஷ்டம் இல்ல, மத்த மொழிகளை விட சீக்கிரம் கத்துக்கலாம்.

டேங்க்_பைத்தியம்
அக்ரஸரை விட அவனோட வாரிசுதான் மாஸ். 1980கள்ல கலிஃபோர்னியா மொஹாவி பாலைவனத்துல ஃபோர்ட் இர்வின்னு ஒரு பயிற்சி மையம், அங்க எதிரி நாடு பேரு க்ராஸ்னோவியா. பேரு கற்பனை, ஆனா ஆர்மி அமைப்பு அப்படியே சோவியத் மோட்டார் ரைஃபிள் ரெஜிமெண்ட், அதாவது கவச வண்டில போற காலாட்படை. ஒரு பிளட்டூனுக்கு (சின்னப் படைப்பிரிவு) 3 பிஎம்பி (ஆள் ஏத்திட்டு போற சோவியத் கவச வண்டி), மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி, மூணு கம்பெனி ஒரு பட்டாலியன், அப்படி மூணு பட்டாலியனோட ஒரு டேங்க் பட்டாலியன், பீரங்கி தனி. வர்ற விதமும் சோவியத் பாணிதான். முன்னாடி ஒரு பிளட்டூன் மோப்பம் பிடிச்சிட்டு வரும், அதை அடிச்சா பின்னாடியே ஒரு கம்பெனி, அதுல சிக்குனா பட்டாலியன், நீங்க அதோட மல்லுக்கட்டும்போது மொத்த ரெஜிமெண்டும் வேற பக்கமா சுத்தி வந்துரும்.

இதுல காமெடி என்னன்னா ஆரம்பத்துல அந்த "ரெஜிமெண்ட்" நிஜத்துல ரெண்டே ரெண்டு அமெரிக்க பட்டாலியன். வண்டி பழைய ஷெரிடன்ங்கற அமெரிக்க டேங்க், மேல ஃபைபர் கிளாஸ் ஒட்டி சோவியத் டி-72 டேங்க் மாதிரி, பிஎம்பி மாதிரி வேஷம் போட்டது. நம்மூரு கோயில் திருவிழால பொய்க்கால் குதிரை ஆடுவாங்கள்ல, கிட்டத்தட்ட அதான்.

குண்டுக்குப் பதிலா லேசர். வெத்துத் தோட்டா சத்தத்துக்கு லேசர் பாயும், எதிராளி உடம்புல கட்டியிருக்கற சென்சார்ல பட்டா பீ...ன்னு நிக்காம அலறும். அதை நிறுத்தணும்னா அடிபட்டவன் தன்னோட துப்பாக்கில மாட்டியிருக்கற லேசர் பெட்டில இருந்து சாவியை உருவி சென்சார்ல போடணும், சாவி போனதும் அவன் துப்பாக்கி செத்துரும். செத்தவன் சுட முடியாது, ஏமாத்தறது கஷ்டம். யோசிச்சவன் கெட்டிக்காரன்.

ரெகார்டு பத்தி சொல்லணும்னா, பெரும்பாலும் க்ராஸ்னோவியாதான் ஜெயிக்கும். வர்ற யூனிட் எங்கயோ இருந்து வந்து சில வாரம் புழுதி தின்னுட்டு போயிரும், இவனுங்களுக்கு வருஷம் பூரா அதே வேலை, அதே மலை, அதே பள்ளம். 1991 வளைகுடாப் போர்ல இருந்து திரும்பின சிலர் ஈராக் ஆர்மியை விட ஃபோர்ட் இர்வின் எதிரிதான் கஷ்டம்னு சொன்னாங்க. 1994ல இருந்து அந்த எதிரி வேஷம் 11வது ஆர்மர்டு கேவல்ரி ரெஜிமெண்ட் கைல.

சும்மாதான்_வந்தேன்
சோவியத் போனப்புறம் க்ராஸ்னோவியா என்னாச்சு? இப்ப அட்ரோபியான்னு ஒண்ணு மீம்ல வருதே, அதுதான் புது எதிரியா?

டேங்க்_பைத்தியம்
இல்லப்பா, அட்ரோபியா நண்பன். மேப்ல பாத்தா அஜர்பைஜான் இருக்கற இடம். எதிரி டொனோவியா, அது ரஷ்யாவோட தென்பகுதி. பக்கத்துல ஈரான் இடத்துல அரியானான்னு ஒண்ணு. அட்ரோபியாவை யாராச்சும் அடிக்கறதும் அமெரிக்க ஆர்மி போய் காப்பாத்தறதும்தான் பயிற்சியே, அதான் சோல்ஜருங்க "நான் அட்ரோபியா போர் வீரன்"னு கலாய்ச்சிக்கறாங்க.

ஓய்வு_ஹவில்தார்
தம்பிங்களா, நம்ம பக்கம் இவ்வளவு ஜோடனை கிடையாது. நான் இருந்தப்ப ப்ளூ லேண்ட்னா நம்ம ஆளு, ரெட் லேண்ட்னா எதிரி, அவ்வளவுதான். ரெட்ல போட்டாங்கன்னா எங்களுக்கு குஷி. ப்ளூக்காரன் பிளான் பேப்பர்ல போகும், ரெட்டுக்கு கொஞ்சம் கை அவிழ்த்து விடுவாங்க. ஒரு தடவை ராத்திரி அவங்க சமையல் டெண்டுக்குள்ள புகுந்து மொத்தப் பேரையும் கைதி பண்ணோம், அம்பயர் ஒத்துக்கல, சோறு மட்டும் தின்னுட்டு திரும்பினோம். ரொட்டி நல்லா இருந்துச்சு.

பழையபேப்பர்_கடை
ஹவில்தார் அண்ணா 😂 @டேங்க்_பைத்தியம் அந்த வேஷம் போட்ட ஷெரிடன் போட்டோ இருந்தா போடுங்க. நான் இங்க "ஹால்டு" வரைக்கும் வந்துட்டேன், அடுத்த பாடம் கைதி விசாரணை.