ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் எழுத்துருவில் பின்னக் குறிகளைச் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டை அச்சகம்

வணக்கம். தாமிரபரணிப் பாசனத்தைச் சேர்ந்த ஓர் ஊரின் பழைய நிலக் கணக்கு ஓலைகளைப் படியெடுத்து நூலாக்கும் பணி எங்கள் அச்சகத்தில் நடந்து வருகிறது. நிலத்தின் அளவு மா, காணி, முந்திரி என்ற பின்னங்களிலும், நெல்லின் அளவு உழக்கு, குறுணி, பதக்கு என்ற முகத்தலளவைகளிலும் ஓலையில் குறிகளாகவே எழுதப்பட்டுள்ளது. இக்குறிகள், கணினி எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த 12.0 பதிப்பில் தமிழ் சப்ளிமென்ட் என்ற தனித் தொகுதியாக இடம்பெற்றுவிட்டன. ஆனாலும் நூலுக்கு நாங்கள் தேர்ந்திருக்கும் எழுத்துருவில் அவை இல்லாததால், அச்சுப் படியில் வெறும் கட்டங்களே விழுகின்றன. இதுவரை குறிகளைப் படமாக வெட்டி ஒட்டி வந்தோம். எழுத்தின் அளவை மாற்றினால் படம் பழைய அளவிலேயே நின்றுவிடுகிறது. பிடிஎஃபில் தேடினாலும் அகப்படுவதில்லை.

அந்த எழுத்துரு எஸ்.ஐ.எல். என்ற அமைப்பு வகுத்த ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் 1.1 என்ற திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதில் குறிகளை நாங்களே வரைந்து சேர்க்கலாமா? சேர்த்தால், விலைக்கு விற்கப்போகும் நூலும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடுமா? மாற்றிய எழுத்துருவைப் பிற அச்சகங்களுக்கு விலைக்குக் கொடுக்க முடியுமா?

மேலப்பாளையம் டிடிபி

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருதானே, அண்ணாச்சி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் காலத்திலிருந்து எழுத்துருக் கோப்புகள் கடைக்குக் கடை கைமாறியே வந்திருக்கின்றன. யாரும் வந்து கேட்டதில்லை என்பதால் தயங்காமல் செய்யலாம் என்பது என் எண்ணம்.

வண்ணார்பேட்டை நிரலாளர்

மேலே சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இலவசமாகக் கிடைப்பது வேறு, மாற்றுவதற்கு அனுமதி இருப்பது வேறு. விண்டோஸுடன் வரும் லதா எழுத்துருவையோ நிர்மலா எழுத்துருவையோ கொண்டு நூல் அச்சிடலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து மாற்றவோ, படியெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவோ உரிமை இல்லை. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் இந்த இரண்டுக்கும் வெளிப்படையாகவே இசைவு தருவதால்தான் அண்ணாச்சியின் பணிக்கு அது பொருந்துகிறது.

நூலைப் பற்றிய கவலை வேண்டாம். எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்துக்கு இந்த உரிமத்தின் கட்டுப்பாடு பொருந்தாது என்று ஐந்தாவது நிபந்தனையே சொல்கிறது. ஆகவே நூலின் விலையும் பதிப்புரிமையும் உங்களுடையவை. இப்படி எழுதி வைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தது. திறந்த மென்பொருளுக்கான ஜி.பி.எல். உரிமத்தில் வந்த எழுத்துருவைப் பிடிஎஃபில் பொதித்தால் அந்த ஆவணமும் ஜி.பி.எல்.-க்கு உட்படுமோ என்ற ஐயம் எழுந்ததால், அதற்கென்று தனியாக ஒரு எழுத்துரு விலக்கு சேர்க்க வேண்டியிருந்தது. லோஹித் தமிழ் என்ற எழுத்துரு ஜி.பி.எல்.-இலிருந்தும், கூகுளின் நோட்டோ எழுத்துருக்கள் 2015-இல் அப்பாச்சி என்ற இன்னொரு திறந்த உரிமத்திலிருந்தும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸுக்கு மாறின.

எழுத்துருவைத் தனியாக விற்க முடியாது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். குறிகளை வரைந்து கொடுத்த உழைப்புக்குக் கூலி பெறுவதையும் உரிமம் தடுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் அந்த எழுத்துருவைப் பிறருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்க முடியாது, ஏனெனில் மாற்றிய வடிவமும் இதே உரிமத்தில்தான் வெளியே போக வேண்டும்.

டவுன் எழுத்துரு ஆர்வலர்

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துருவுடன் வரும் உரிமக் கோப்பின் முதல் சில வரிகளைப் படியுங்கள். பதிப்புரிமைக் குறிப்பையடுத்து ‘ரிசர்வ்டு ஃபான்ட் நேம்’ என்று ஒரு பெயர் இருந்தால், உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மாற்றிய எழுத்துருவுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எழுத்துருவைத் திருத்தும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எலிமென்ட், ஃபான்ட் இன்ஃபோ என்று போய், அங்குள்ள குடும்பப் பெயரையும் முழுப் பெயரையும் மாற்ற வேண்டும். மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் தெரிவது அந்தப் பெயர்தான். இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் ஒரு கணினியில் இருந்தால், எந்தக் கோப்பு அச்சுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. முந்திரிக் குறி விழ வேண்டிய இடத்தில் மறுபடியும் கட்டம் விழும்.

வரைவதற்கு முன் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துருவைப் பாருங்கள். இக்குறிகள் அதில் இதே உரிமத்தில் உள்ளன, இரண்டையும் இணைக்கலாம். இணைத்தால் இரண்டின் பதிப்புரிமைக் குறிப்புகளும் அப்படியே இருக்க வேண்டும். நோட்டோ என்பது கூகுளின் வணிகக் குறி என்பதால் புதிய பெயரில் அச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் எழுத்துரு தடித்தும் மெலிந்தும் வரும் கோடுகளைக் கொண்டதாக இருந்தால், நோட்டோவின் சீரான கோடு அதன் நடுவே ஒட்டாமல் நிற்கும். அப்போது வரைவதே சரி.

பாளையங்கோட்டை அச்சகம்

உரிமக் கோப்பைப் பார்த்தேன். பெயர் ஒதுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. வேறு பெயர் வைத்துவிடுகிறோம். எழுத்துருவை வெளியிட்டே ஆக வேண்டுமா, அச்சகத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வண்ணார்பேட்டை நிரலாளர்

உள்ளே வைத்துக்கொள்ளத் தடை இல்லை. பிறருக்குக் கொடுக்கும்போதுதான் நிபந்தனைகள் தொடங்குகின்றன. ஆனாலும் வெளியிடுங்கள், அண்ணாச்சி. ஊர்க் கணக்குகளைப் பதிப்பிக்க முன்வரும் ஒவ்வொருவரும் நீங்கள் வெட்டி ஒட்டிய அதே குறிகளைத்தான் மறுபடி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியிடும்போது உரிமக் கோப்பையும், எந்தக் குறியைச் சேர்த்தீர்கள், எந்த ஓலையின் வடிவத்தைப் பின்பற்றினீர்கள் என்ற குறிப்பையும் எழுத்துருவோடு ஒரே பொதியில் வைத்துவிடுங்கள்.