புதுப்பிப்பு: மெலிந்த குழந்தைக்கு ஏன் இவ்வளவு கொஞ்சமாகப் பால்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் அக்கா மகள் எலும்பும் தோலுமாக, கால் மட்டும் வீங்கிக் கிடக்கிறாள்; மூக்குக் குழாய் வழியாக ஏன் இத்தனை கொஞ்சமாகப் பால் தருகிறார்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பட்டினியில் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் ஏறும். இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை சோர்ந்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் எஃப்-75 என்ற, கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைப் பால்: 100 மில்லிக்கு 75 கலோரி, புரதமும் குறைவு. இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியிலும். ஒரு வேளை தவறினாலும் சர்க்கரை இறங்கி உடம்பு சில்லிட்டுவிடலாம். நர்ஸ் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, பாலை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விடுகிறார். அந்தப் பொறுமைக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.

இரும்புச்சத்து பற்றிப் பலர் கேட்டீர்கள். இப்போது கிடையாது; தொற்று அடங்கி எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. கூடவே எடையும் குறைந்ததால் அக்கா பதறிப்போனாள். நீர் வடிந்ததால் குறைந்த எடைதான் என்று சொன்ன பிறகே ஒரு வாய் சாப்பிட்டாள். நேற்று குழந்தை கிண்ணத்தைப் பார்த்துக் கை நீட்டினாள்! பசி திரும்பியதால் மெல்ல எஃப்-100 என்ற, அதைவிடச் சத்து கூடிய பாலுக்கு மாற்றுகிறார்கள். இரத்தப் பரிசோதனை தொடர்கிறது. வாயால் குடிக்கும் அளவு கூடினால் குழாயை எடுத்துவிடுவார்களாம்.