பேங்காக் போறேன், மார்க்கெட்டும் வாட்டும் (புத்த கோயிலும்) போட்டோ எடுக்கணும், போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

ரங்கூன் மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர்ல நானும் தங்கச்சியும் பேங்காக் போறோம், ஒரு வாரம், டிக்கெட் போட்டாச்சு. அவளுக்கு சதுச்சாக் மார்க்கெட்ல துணி எடுக்கணும், எனக்கு போட்டோ எடுக்கணும், அவ்வளவு தான் பிளான். இங்க யாங்கோன்ல தெய்ஞ்சி ஸே மார்க்கெட், அனவ்ரதா ரோடு, காளி கோயில் வாசல் பூக்கடைங்க எல்லாம் நான் ரொம்ப நாளா எடுத்துட்டு வர்ற இடம், யார்கிட்ட என்ன பேசணும், எந்த இடத்துல கேமராவ இறக்கிடணும்னு எனக்கு அத்துப்படி. அங்க பாஷையும் தெரியாது, ஆளும் தெரியாது.

கையில இருக்குறது ஒரு பழைய மிரர்லெஸ் கேமரா, ஒரு 35 எம்எம் லென்ஸ், கூட ஒரு சின்ன ஜூம். எந்த மார்க்கெட்டுக்கு எத்தன மணிக்கு போனா நல்லாருக்கும்? வாட் உள்ள போட்டோ எடுக்க விடுவாங்களா? காலைல பொங்கிங்க, அதான் புத்த பிக்குங்க, பிச்சைக்கு வர்றத எடுக்கணும்னு ரொம்ப ஆசை, பொம்பளைங்க எவ்வளவு கிட்ட போலாம்? அப்புறம் முக்கியமா, ரோட்டுல இருக்குறவங்கள கேட்டுட்டு எடுக்கணுமா கேக்காம எடுக்கலாமா, அங்க எப்படி எடுத்துக்குறாங்க?

பழைய லென்ஸ்:

மல்லி, இறங்கின அன்னைக்கு ராத்திரியே பாக் க்லோங் தலாத் போயிடும்மா. பூ மார்க்கெட். நாள் முழுக்க திறந்து தான் இருக்கும், ஆனா லாரியில பூ வந்து இறங்கி களை கட்டுறது நடுராத்திரிக்கு மேல தான், விடியறதுக்குள்ள பாதி வியாபாரம் முடிஞ்சிரும். மெட்ரோவுல சனாம் சாய் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம், ஆனா ராத்திரி மெட்ரோ நின்னுடும், திரும்பி வர வண்டி புக் பண்ணிக்கோ. தனியா போகாம தங்கச்சியையும் கூட்டிட்டு போ.

காளி கோயில் வாசல்ல எடுத்த ஆளுக்கு அங்க எதை எடுக்குறது எதை விடுறதுன்னே தெரியாது. பெரிய பெரிய பிளாஸ்டிக் பையில செண்டுமல்லி, வாடாம இருக்க ஐஸ் போட்டு வெச்ச மல்லிகை மொட்டு, தாமரை மொட்டு கட்டு கட்டா. அங்க பூ கட்டுறது நம்ம மாதிரி விரல்ல நார சுத்தி முடிச்சு போடுறது இல்ல, முழம் நீளத்துக்கு ஒரு ஊசி வெச்சிருப்பாங்க, அதுல மல்லிகை மொட்டு, எருக்கம்பூ, மடிச்ச ரோஜா இதழ்னு வரிசையா ஏத்தி, ஊசி நெறஞ்சதும் அப்படியே வழிச்சு நூல்ல தள்ளி விடுவாங்க. ஊசிய பிடிச்சிருக்குற கை, ஈரத்துல சுருங்கிப்போன விரல் நுனி, மேல தொங்குற டியூப்லைட். உன் 35க்கு அதுக்கு மேல என்ன வேணும், அந்த கையோட ஒரு மணி நேரம் உக்காந்துடு.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, அந்த லைட்டுங்க கண்ணுக்கு தெரியாம துடிக்கும். அங்கயும் கரண்ட் நம்ம ஊர் மாதிரி 50 ஹெர்ட்ஸ் தான், அதனால ஷட்டர 1/50 இல்லன்னா 1/100 செகண்டுல நிறுத்து, வேகமா வெச்சா படத்துல பட்டை பட்டையா கோடு விழ வாய்ப்பு இருக்கு. பகல்ல க்லோங் தோய் மாதிரி காய்கறி மீன் மார்க்கெட் போனா வேற தொல்லை, செகப்பு குடை நீல தார்ப்பாய் போட்டிருப்பாங்க, வெயில் அதுக்குள்ள புகுந்து வரும் போது ஆளோட முகமே செகப்பாவும் நீலமாவும் மாறிடும், பிறகு கம்ப்யூட்டர்ல எவ்வளவு இழுத்தாலும் தோல் நிறம் வராது. ரா ஃபைல்ல (RAW, கேமரா எதையும் மாத்தாம சேமிக்கிறது) எடு, முடிஞ்சா ரெண்டு தார்ப்பாய்க்கு நடுவுல வெள்ளை வெளிச்சம் விழுற இடத்த பாத்து நின்னுக்கோ, ஆளுங்க தானா அந்த வெளிச்சத்துக்குள்ள வந்து போவாங்க.

ரூம்ல ஏசி போட்டு தூங்கிட்டு அப்படியே வெளிய வந்து கேமராவ எடுத்தா லென்ஸ் முழுக்க ஆவி பிடிச்சுக்கும், கெளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே பைக்குள்ள வெச்சு பால்கனில வெச்சிரு. கேமரா கடிகாரத்தையும் அரை மணி நேரம் முன்னால தள்ளி வை, அவங்க நேரம் நம்மள விட அவ்வளவு கூட.

மோல்மேன்காரன்:

கேட்டுட்டு எடுக்குறதா கேக்காமயான்னு கேட்டா என் பதில் கேக்காம தான். கேமராவ காட்டி கேட்டவுடனே ரெண்டு விரல தூக்கி சிரிச்சுட்டு நிப்பாங்க, அதுக்கப்புறம் அது தெரு போட்டோ இல்ல, ஆல்பம் போட்டோ. எடுத்த பிறகு சிரிச்சு ஸ்கிரீன திருப்பி காட்டுங்க, வேணாம்னு கைய ஆட்டினா அவங்க எதிர்லயே அழிச்சிருங்க, தாய்லாந்து ஜனங்க பெரும்பாலும் கோவப்பட மாட்டாங்க, கோவம் வந்தாலும் முகத்துல காட்ட மாட்டாங்க, அதனால முகத்த நல்லா கவனிக்கணும்.

இடம்னா எனக்கு யாவ்வராத், சைனாடவுன். சாயங்காலம் 6 மணிக்கு மேல தெரு ஓரத்துல கடை போடுவாங்க, வாணலியில நெருப்பு எழும்புற அந்த ஒரு செகண்டுக்கு காத்திருக்கணும், அது வெளிச்சத்துலயே சமைக்கிறவர் முகம் தெரியும். திங்கக்கிழமை நெறய கடை லீவு, அன்னைக்கு போகாதீங்க. பக்கத்துல தலாத் நொய்னு பழைய சந்துங்க இருக்கு, பழைய இன்ஜின் பார்ட்ஸ் மலை மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க, கிரீஸ் வாசனை, அது பகல்ல.

காலைல 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் ஸ்டேஷன்லயும் பார்க்லயும் தேசிய கீதம் போடுவாங்க, எல்லாரும் நின்ன இடத்துல நிப்பாங்க, நீங்களும் நின்னுடுங்க.

தாட்டோன் அக்கா:

வாட் விஷயம் நான் சொல்றேன் தங்கச்சி. நம்ம ஷ்வேடகோன் பகோடாவுல படிக்கட்டு கீழயே செருப்பு சாக்ஸ் எல்லாம் கழட்டிடுறோம்ல, அங்க கோயில் முற்றத்துல செருப்போட நடக்கலாம், சாமி இருக்குற மண்டபத்து வாசல்ல கழட்டினா போதும். தோளும் முழங்காலும் மறைக்கிற மாதிரி போட்டுக்கோங்க, ராஜ அரண்மனைல இதுல ரொம்ப கறார், வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க வாட் ப்ரா கேவ்ல மரகத புத்தர் இருக்குற மண்டபத்துக்குள்ள போட்டோ கூடவே கூடாது, புத்தர் 66 செ.மீ. உயரம் தான், ரொம்ப உசரத்துல உக்காந்திருப்பார், கேமராவ பைக்குள்ள போட்டுட்டு கண்ணால பாத்துட்டு வாங்க. வெளிய சுத்தி எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்.

வாட் போ உள்ள எடுக்க விடுவாங்க. படுத்திருக்குற புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், மண்டபம் ஒடுக்கம், முழு உருவத்தையும் ஒரே படத்துல அடக்கணும்னு எல்லாரும் முட்டி மோதுறாங்க, தூணுங்க குறுக்க வரும், வேணாம். அந்த தூண்களையே சட்டமா வெச்சு நடுவுல முகத்த மட்டும் எடுங்க. பாதத்து பக்கம் போங்க, முத்துச்சிப்பி பதிச்சு 108 மங்கள சின்னம் செஞ்சிருக்காங்க, சாய்வா வர்ற வெளிச்சத்துல அது மின்னும். பின்பக்கம் வரிசையா 108 வெண்கல கிண்ணம், ஜனங்க ஒவ்வொண்ணுலயும் காசு போட்டுட்டே நடப்பாங்க, டிங் டிங்னு சத்தம் மண்டபம் முழுக்க கேட்டுட்டே இருக்கும். குனிஞ்சு காசு போடுற கை வரிசைய அங்க தான் எடுக்கணும். தங்கம் நெறய இருக்குற இடத்துல எக்ஸ்போஷர கொஞ்சம் குறைச்சு வைங்க, நம்ம பயாவுல (பகோடாவுல) செய்ற மாதிரி தான். ஃப்ளாஷ் வேணவே வேணாம்.

பொங்கிங்க பிச்சைக்கு வர்றது 6 மணி வாக்குல. அங்க காவி, நம்ம ஊர் மாதிரி கருஞ்செகப்பு இல்ல. வாட் பெஞ்சமபோபித், அதான் மார்பிள் கோயில், அங்க அவங்க தெருத்தெருவா போகாம வாசல் பக்கமே வரிசையா நிப்பாங்க, ஜனங்க கொண்டு வந்து போடுவாங்க, அதனால உங்களுக்கு ஓட வேண்டியதில்ல. எதிர்பக்கம் நில்லுங்க, வரிசைக்கு குறுக்க போகாதீங்க, உங்க கை துணி எதுவும் அவங்க மேல படக்கூடாது, நம்ம ஊர்ல எப்படியோ அதே தான். போட்டுட்டு ஜனங்க செருப்ப கழட்டி முட்டி போட்டு உக்காருவாங்க, பொங்கி பிரித் (ஆசீர்வாத மந்திரம்) சொல்லுவார், அந்த நேரத்துல நீங்களும் உக்காந்து அவங்க மட்டத்துலயே எடுங்க, நின்னுட்டு மேல இருந்து எடுக்குறது பாக்கவே நல்லாருக்காது. புத்தருக்கு முதுக காட்டி செல்ஃபி வேணாம். ராஜா ராணி படத்துகிட்ட விளையாட்டா எதுவும் வேணாம், அதுக்கு அங்க சட்டமே இருக்கு, 112வது பிரிவு, ஜெயில் வரைக்கும் போகும்.

மகாச்சாய் தம்பி:

நான் சமுத் சாக்கோன்ல, அதான் மகாச்சாய், வேலை பாக்குறேன், தாட்டோன் பக்கத்துல இருந்து வந்தவன் தான். எல்லாரும் சொன்னது சரி, ஆனா ஒண்ண யாரும் சொல்லல, அத சொல்லணும்னு தான் எழுதுறேன்.

அக்கா நீங்க போற மார்க்கெட்டுங்கள்ல மூட்டை தூக்குறவங்க, ஐஸ் உடைக்கிறவங்க, மீன் கழுவுறவங்க, பூ பிரிக்கிறவங்க, இவங்கள்ல எத்தனையோ பேர் நம்ம நாட்டு ஜனங்க. பர்மிய, மோன், கரென், தவாய்க்காரங்க. கன்னத்துல தனாக்கா (நம்ம ஊர் மரப்பட்டை சாந்து) பாத்தாலே உங்களுக்கு தெரிஞ்சிடும், போட்டோவுக்கும் ரொம்ப அழகா இருக்கும், கேமரா தானா அந்தப் பக்கம் திரும்பும். ஆனா அவங்க எல்லார்கிட்டயும் பேப்பர் சரியா இருக்குன்னு சொல்ல முடியாது. சிலர்கிட்ட ஒரு முதலாளி பேர்ல கார்டு இருக்கும், வேலை வேற இடத்துல பாப்பாங்க. சிலர்கிட்ட எதுவுமே இருக்காது. இப்ப ஊர்ல இருக்குற நிலைமையில சின்ன பசங்க ஏன் கெளம்பி வர்றாங்கன்னு யாங்கோன்ல இருக்குற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பையன் முகம் தெளிவா தெரியுற படம், கீழ மார்க்கெட் பேரு, தேதி, அத ஃபேஸ்புக்ல போட்டா இங்க அவனுக்கு தொல்லை, சமயத்துல ஊர்ல இருக்குற அவன் அப்பா அம்மாவுக்கும் தொல்லை. அவன் உங்ககிட்ட வந்து அழிங்கன்னு சொல்லவும் மாட்டான். தலைய குனிஞ்சுட்டு வேற சந்து வழியா போயிடுவான், அன்னைக்கு கூலி போச்சு.

மோல்மேன் அண்ணே, நீங்க சொல்ற மாதிரி எடுத்துட்டு ஸ்கிரீன காட்டுறது கடை முதலாளிக்கு சரி, கடைக்கு விளம்பரம்னு சந்தோஷப்படுவார். கூலிக்காரனுக்கு அது வேற. பயத்துல சிரிப்பான், நீங்க சம்மதம்னு நெனச்சுப்பீங்க.

அதனால அக்கா, பாஷை தெரியாதுன்னு கவலைப்படாதீங்க, உங்களுக்கு தெரிஞ்ச பர்மிய பாஷை தான் அங்க உங்களுக்கு பெரிய பலம். கேமராவ தோள்ல மாட்டிட்டு "நேகௌங் லா"ன்னு நலம் விசாரிங்க, எந்த ஊருன்னு கேளுங்க, டீ குடிக்கலாமான்னு கேளுங்க. பேசின பிறகு அவங்களே எடுங்கன்னு சொல்லுவாங்க, சில பேர் அம்மாவுக்கு அனுப்பணும் எனக்கும் அனுப்புங்கன்னு கேப்பாங்க, அவங்களுக்கு அனுப்பிடுங்க, ஆனா நெட்ல போடலாமான்னு தனியா கேளுங்க, ரெண்டும் வேற. வேணாம்னா முகம் வேணாம், கை இருக்கு, முதுகு இருக்கு, தலையில கூடையோட போற நிழல் இருக்கு. தாய்லாந்துக்காரங்ககிட்ட "தாய் ரூப் டாய் மாய் கா"ன்னு கேளுங்க, போட்டோ எடுக்கலாமான்னு அர்த்தம், கேக்குறது ஆம்பளைங்கன்னா கடைசில "கா"வுக்கு பதிலா "க்ராப்".

மோல்மேன்காரன்:

தம்பி, கூலி வேலை பாக்குறவங்க விஷயத்துல நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா யாவ்வராத்ல கூட்டத்தோட கூட்டமா சாப்பிட்டுட்டு இருக்குறவங்கள எல்லாம் ஒவ்வொருத்தரா கேட்டுட்டு இருக்க முடியாது, அங்க நான் எப்பவும் போல தான் எடுப்பேன். நெட்ல போடும் போது மார்க்கெட் பேர போடாம விட்டுடலாம், அது சுலபம்.

ரங்கூன் மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகாச்சாய் தம்பி, நீங்க எழுதினத தங்கச்சிக்கும் படிச்சு காமிச்சேன். எங்க தெருவுல இருந்தே மூணு பேரு அங்க போயிருக்காங்க, அவங்க அம்மா தினமும் போன பாத்துட்டு உக்காந்திருக்காங்க. மார்க்கெட்ல முகம் எடுக்குறதா இருந்தா பேசின பிறகு தான், பேரு கேட்டு நம்பர் வாங்கிட்டு படத்த அனுப்பிடுறேன்.

இன்னும் மூணு கேள்வி. ரயில் மார்க்கெட்டுக்கு உங்க ஊர் வழியா போலாம்னு கேள்விப்பட்டேன், நெஜமா? அப்புறம் சீலோம்ல இருக்குற மாரியம்மன் கோயில்ல எடுக்க விடுவாங்களா? அப்படியே அயுத்தயா, அந்த பழைய தலைநகரம், ஒரு நாள் போனா பிரயோஜனமா?

மகாச்சாய் தம்பி:

நெஜம் தான் அக்கா. பேங்காக்ல வொங்வியன் யாய் ஸ்டேஷன்ல ஏறி மகாச்சாய் ஒரு மணி நேரம், இறங்கினாலே மார்க்கெட்டுக்குள்ள தான் நிப்பீங்க. அங்க இருந்து படகுல தா சின் ஆத்த தாண்டி பான் லேம், அங்க வேற ட்ரெயின், அது ஒரு மணி நேரத்துல மேக்லோங். பான் லேம்ல இருந்து ஒரு நாளைக்கு சில வண்டி தான், நேரத்த முதல்லயே பாத்துக்கோங்க. மேக்லோங்ல ட்ரெயின் வரும் போது கடைக்காரங்க தார்ப்பாய மடக்குவாங்க, காய்கறி கூடைங்க கீழயே இருக்கும், அதுக்கு மேல பெட்டி நகரும். டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி, எல்லாரும் ட்ரெயின் முகத்த எடுப்பாங்க. நீங்க ட்ரெயின் போன அடுத்த நிமிஷத்துல தார்ப்பாய திரும்ப விரிக்கிற கடைக்காரம்மாவ எடுங்க. மகாச்சாய்ல இறங்கினா சொல்லுங்க, நல்ல மொஹிங்கா (நம்ம ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ்) கடை காட்டுறேன்.

தாட்டோன் அக்கா:

சீலோம் கோயில் உள்ள போட்டோ கூடாது தங்கச்சி. வெளிய பான் ரோடு முனைல நின்னா கோபுரம் நல்லா விழும். நம்ம தமிழங்க 19ஆம் நூற்றாண்டுல கட்டின கோயில், இப்ப தாய்லாந்து ஜனங்க தான் கூட்டம் கூட்டமா வந்து கும்பிடுறாங்க. வாசல்ல மாலை, தேங்காய் தட்டு விக்கிறவங்க இருப்பாங்க, உங்க காளி கோயில் படங்களோட பக்கத்துல வைக்க அருமையா இருக்கும். நவராத்திரில சீலோம் ரோட்டையே மூடி ஊர்வலம் விடுவாங்க, அதுக்கு இன்னொரு வாட்டி போங்க.

அயுத்தயா கட்டாயம் போங்க. ஹுவா லம்போங் ஸ்டேஷன்ல இருந்து சாதா ட்ரெயின் இருக்கு, ஜன்னல் திறந்திருக்கும், வழியெல்லாம் எடுத்துட்டே போலாம். 1767ல நம்ம பர்மா படை தான் அந்த ஊர எரிச்சது, தலை இல்லாத புத்தர் சிலைங்கள பாக்கும் போது பர்மாவுல பொறந்த எனக்கு மனசு கனமா தான் இருந்துச்சு. வாட் மஹாதாத்ல மர வேருக்குள்ள புத்தர் தலை இருக்கும், அதுகிட்ட போட்டோவுக்கு நிக்கக்கூடாது, அந்த தலைய விட உங்க தலை கீழ இருக்குற மாதிரி உக்காரணும். காலைல முதல் வண்டிக்கே போயிடுங்க, 10 மணிக்கு மேல அங்க கூட்டத்த விலக்கி எடுக்க முடியாது.