பல்லுக்கொதி தாங்க முடியவில்லை, உடனே எங்கே காட்டுவது?

கொக்குவிலான்:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு கிழமைதான். முந்தநாள் இரவு தொடங்கியது, வலப்பக்கக் கடைவாய்ப் பல். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. கராம்பு நசித்து வைத்தாயிற்று, உப்புத் தண்ணீரும் கொப்பளித்தாயிற்று. அருகில் உள்ள மூன்று பல் வைத்தியர்களும் புதிய ஆட்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலென்றால் விடியவே பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் துண்டெடுத்து வாங்கில் இருந்திருப்போம். அவசரம், யாராவது சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, பல்லை ஓஹிப் (ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி) பார்க்காது, முதலில் அதை விளங்கிக்கொள்ளுங்கள். நான் 2009 மாசியில் வந்து இறங்கினேன். மூன்றாம் மாதம் இதே கொதி. வேர்ச் சிகிச்சைக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், பிடுங்கிவிடுங்கள் என்றேன். அந்த இடம் இன்றைக்கும் பொக்கைதான். ஊரிலிருந்து புழுக்கொடியல் வந்தால் எல்லோரும் கடிப்பார்கள், நான் இடித்துத் தின்பேன். இப்போது கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் வரிக்கணக்குக் காட்டியிருக்க வேண்டும். ஆறு கிழமையில் நீங்கள் எங்கே காட்டியிருப்பீர்கள்?

பழைய லண்டன்காரன்:
ஜீபியிடம் (குடும்ப வைத்தியர்) போங்கள், அவர் கடிதம் தருவார். நாங்கள் 1986இல் வந்தபோது வழிகாட்ட ஒரு குருவியும் இல்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, கன்னத்தைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு சில்லறை எண்ணினேன். இப்போது வருகிறவர்களுக்குப் பொறுமை குறைவு.

ஹரோ மருமகன்:
அண்ணை, ஜீபி பல்லைத் தொடமாட்டார். திருப்பித்தான் அனுப்புவார். பொறுமைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

லாச்சப்பல் தம்பி:
ஐபுபுரோபன் 400 ஒன்று, அதோடு பனடோல் இரண்டு. நான் அப்படித்தான் ஒரு கிழமை ஓட்டினேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அமொக்சிசிலின் அன்ரிபயோற்றிக் குளிசை சொல்லி வைத்தால் நல்லது.

நல்லூர் வடக்கு வீதி:
அதுதான் பிரச்சினை. மருந்தும் இங்கிருந்து, வைத்தியமும் இங்கே. ஆவணியில் திருவிழாவுக்கு வருகிறோம் என்று வந்து, தேர் பார்த்த மறுநாளே பல் கட்ட நிற்கிறீர்கள். எங்கள் அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஸ்காபரோ அக்கா:
நாங்கள் காசு கொடுத்துத்தானே கட்டுகிறோம்? வந்தால் வரிசையை நீட்டுகிறோம் என்கிறீர்கள், வராவிட்டால் ஊரை மறந்துவிட்டோம் என்கிறீர்கள்.

ஓய்ந்த தாதி:
சண்டையைப் பிறகு பிடியுங்கள். தம்பி, எந்த நாடு என்றே நீங்கள் எழுதவில்லை. கொதி யாருக்கு? என்ன வயது? முகம் வீங்கியிருக்கிறதா? காய்ச்சல் உண்டா?

கொக்குவிலான்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, லெஸ்டர். வேலை விசா, ஐஎச்எஸ் (விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம்) கட்டித்தான் வந்தோம். கொதி எனக்கில்லை, மனைவிக்கு. ஏழு மாதக் கர்ப்பிணி. கன்னம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. மேலே சொன்ன ஐபுபுரோபன் வாங்கி வந்துவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை.

ஓய்ந்த தாதி:
கொடுக்காதீர்கள்! 20 வாரத்துக்குப் பிறகு அது வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கூடாது. பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு கொடுக்கலாம். அடுத்தது குறைந்தது நான்கு மணித்தியாலம் கழித்து, ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோலும் அதே மருந்துதான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். யாரோ கொடுத்த அமொக்சிசிலினும் வேண்டாம். சூத்தை உள்ளே இருக்கும் மட்டும் குளிசை அதைத் தீர்க்காது.

இப்போதே 111க்கு, அதுதான் அங்கே மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண், எடுங்கள். காசில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கர்ப்பம், வீக்கம் இரண்டையும் முதல் வாயிலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல் வைத்தியரிடம் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அவசர நேரம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறினால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமென்றால் காத்திருக்காமல் அவசர எண் 999.

காசு விஷயம்: ஐஎச்எஸ் கட்டியிருந்தாலும் பல்லுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் அவசரச் சிகிச்சைக்கு 27.40 பவுணாக்கினார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கு என்எச்எஸ் (அரச மருத்துவ சேவை) பல் வைத்தியம் இலவசம், பிள்ளை பிறந்து ஒரு வருடம் வரைக்கும். மிட்வைஃபிடம் (பேறுகால மருத்துவமாது) கட்டண விலக்குச் சான்றிதழ் கேளுங்கள். அது வருமுன் காசு கேட்டால் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், திருப்பி எடுக்கலாம்.

லாச்சப்பல் தம்பி:
கர்ப்பிணி என்று முதலே சொல்லியிருந்தால் நான் அதை எழுதியிருக்கமாட்டேன்.

கொக்குவிலான்:
எடுத்தேன் அக்கா. மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கம். மனைவி "பல்லுக்குள் கொதி" என்றதும், கொதிக்கக் கொதிக்க ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார். "வலி" என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் சரிவந்தது. மாலை 4.20க்கு நேரம் தந்திருக்கிறார்கள், பஸ்ஸில் இருபது நிமிடம். வெளிக்கிடுகிறோம்.