சல்யூட்டேஷன்: வணக்கவுரையா, விளியா?

வணக்கம். கடிதத் தொடக்கத்திலும் நேரிலும் படிவத்திலும் வரும் ஆங்கில 'சல்யூட்டேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> சல்யூட்டேஷனுக்கு 'வணக்கவுரை' போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரிதான். ஆனால் 'வணங்கு' என்ற வேரில் வளைவதும் பணிவதும் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது நலம். இலத்தீனில் 'சலூஸ்' என்றால் உடல்நலம், பாதுகாப்பு. அதிலிருந்து வந்த 'சலூத்தாரே' ஒருவருக்கு நலம் சொல்வது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. ராணுவ சல்யூட்டுக்கும் இதே வேர்தான். நாம் சொல்லும் சலாமுக்கு இதில் உறவில்லை. அது அமைதியைக் குறிக்கும் அரபுச் சொல். ஒலியைப் பார்த்துப் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

ரோமில் விடியற்காலையில் பெரிய மனிதர்களின் வீட்டுக் கூடத்தில் அவர்களை அண்டி வாழ்ந்தவர்கள் நலம் சொல்லக் கூடுவார்கள். அந்த வழக்கத்துக்கே 'சலூத்தாத்தியோ' என்று பெயர். பணிவு அங்கே வந்துவிட்டதே என்றால், அது அந்தக் கூடத்தில் இருந்தது, சொல்லில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ரோமானியர்களின் கடித வழக்கம். 'இன்னார் இன்னாருக்கு நலம் சொல்கிறார்' என்று தொடங்குவார்கள். அப்புறம் 'நீ நலமென்றால் நல்லது, நான் நலம்.' இது அவ்வளவு பழகிப்போய், சொல்லுக்கு ஓர் எழுத்தாக 6 எழுத்துகளில் சுருக்கி எழுதினார்கள். நம் வீட்டு இன்லண்ட் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினோமே, அதேதான்! இதைப் படித்த அன்று 'நலமொழி' என்றே வைத்துவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது.

ஆனால் இன்றைய ஆங்கிலக் கடிதத்தில் அந்த நலம் தேய்ந்துபோய், அழைப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்கு நம்மிடம் 'விளி' இருக்கிறது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே உண்டு. 'அன்புள்ள அக்கா' என்பது விளியல்லாமல் வேறென்ன? ஆகவே கடிதத்துக்கு விளி, நேரில் சொல்வதற்கு முகமன். முகமனில் முகத்துதியின் சாயல் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. இருந்தாலும் 'முகமன் கூறினார்' என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

> படிவத்தில் வரும் சல்யூட்டேஷனும் விளிதானா?

இல்லை. திரு, திருமதி, செல்வி என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டத்தில் யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஓர் இணையப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு 'வணக்கம்' என்று பெயரிட்டிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அங்கே 'மதிப்பு அடைமொழி' என்பது என் பரிந்துரை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 'அன்புள்ள முருகன் அவர்களுக்கு' என்று எழுதும்போது வருவது நான்காம் வேற்றுமை. விளியோ எட்டாம் வேற்றுமை. உருபு வேறாக இருந்தாலும் செய்யும் வேலை விளிப்பதுதான் என்று நான் கொள்கிறேன். இலக்கணம் அறிந்தவர்களுக்கு இது உறுத்துமா? சொல்லுங்கள், அதற்குப் பிறகே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.