டிவோர்ஸ் கேஸ் முடியுற வரைக்கும் வாடகைக்கு என்ன பண்றது? (கோலாலம்பூர்)

மலர்: ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கேன், வந்து எட்டு மாசம். வீட்டுக்காரர் போன மாசம் தனியா போயிட்டார். "கேஸ் போட்டாச்சு"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி, அவ்ளோதான். வாடகை 1,400 ரிங்கிட், அஞ்சாம் தேதி கட்டணும். அவர் விசாவை வச்சுக் கிடைச்ச டிபெண்டன்ட் பாஸ்லதான் இருக்கேன், வேலைக்கும் போக முடியல. இப்பவே அவர்கிட்ட பணம் கேக்க வழி இருக்கா?

செந்தூல் அண்ணன்: முதல்ல ரூமை மாத்தும்மா. நான் 2009ல வந்தப்ப ஒரே ரூம்ல ஆறு பேர். மூணு மாசம் மேகிதான். மழை பெஞ்சா பாய் நனையும்.

கிள்ளான் அக்கா: பாஸ்போர்ட் உங்க கையில இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.

குமரன்: இங்க ஒண்ணும் கிடைக்காது. ஊருக்கு டிக்கெட் போடுங்க.

கிள்ளான் அக்கா: யாரு சொன்னா லா? மலேசியாவோட 1976 திருமண, விவாகரத்துச் சட்டம், 77வது பிரிவு. கேஸ் நடக்குறப்பவே புருஷன் பணம் கொடுக்கணும்னு கோர்ட் சொல்லலாம். முஸ்லிம்னா ஷரியா கோர்ட், அது வேற.

செந்தூல் அண்ணன்: வெளிநாட்டு மாப்பிள்ளைன்னா எல்லாரும் விழுந்துடுறாங்க. என் தங்கச்சி கதையும் இதேதான்...

குமரன்: ஆரம்பிச்சுட்டாரு.

பினாங்கு வாசு: கேஸ் எந்த ஊர் கோர்ட்லன்னு ஒருத்தரும் கேக்கல. மலர், இங்க கேஎல்ல ஜாலான் டூத்தா கோர்ட்டா, இந்தியாவா?

மலர்: திருச்சி. நோட்டீஸ் நேத்து அம்மா வீட்டுக்கு வந்துச்சாம். நாங்க இந்து. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு.

பினாங்கு வாசு: அப்ப 77 உங்களுக்கு இல்ல. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 24. இடைக்கால ஜீவனாம்சம், அதாவது கேஸ் முடியுற வரைக்கும் செலவுக்குப் பணம், கூடவே வழக்குச் செலவும் கேளுங்க. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா இழுக்கும். மனு போட்ட தேதியிலேர்ந்து கணக்குன்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால இந்த வாரமே போடுங்க. ஊர்ல உங்களுக்காகக் கையெழுத்து போட அம்மாவுக்கு பவர் எழுதிக் கொடுக்கணும்னா மோண்ட் கியாராவுல இந்தியத் தூதரகம் இருக்கு. ரெண்டு பேரும் வருமானம், சொத்து விவரம் அஃபிடவிட்ல தரணும். அவர் சம்பளத்துக்கு ஏதாவது பேப்பர் வச்சிருக்கீங்களா?

கிள்ளான் அக்கா: அஞ்சாம் தேதிக்கு எந்தக் கோர்ட்டும் ஆகாது. ஹவுஸ் ஓனர்கிட்ட இன்னைக்கே பேசுங்க. டெபாசிட்ல கழிச்சுக்கச் சொல்லிப் பாருங்க.

மலர்: பாஸ் போடுறப்ப அவரோட பே ஸ்லிப் எனக்கு மெயில் பண்ணியிருந்தார். இருக்கு. இப்பதான் தேடி எடுத்தேன்.